காகிதம் நிறம் அறியாது என்னும் வாதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரம்பரைச் சங்கங்கள் எனப்படும் அமைப்புகள், குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தவரின் நேர் வழித்தோன்றல் என்பதை ஆவணங்களைக் கொண்டு மெய்ப்பிப்பவரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கின்றன. விடுதலைப் போரின் படை அதிகாரிகள் 1783-இல் தொடங்கிய சின்சினாட்டி சங்கம் இவற்றுள் மூத்தது. 1889-இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வர் சங்கமும், அது பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1890-இல் அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கமும், 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழியினருக்காக 1897-இல் மற்றொரு சங்கமும் தோன்றின. இவை உயர்குடிச் செருக்கின் கூடாரங்கள் என்ற குற்றச்சாட்டு எழும்போதெல்லாம், சங்கத்தாரும், கொடிவழி ஆய்வைத் தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ கொண்டோரும், அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கும் இதழாளரும் ஒரே விடையைத் தருகின்றனர்: சங்கம் பார்ப்பது நிறத்தை அன்று, செல்வத்தை அன்று, சான்றை மட்டுமே; சான்றோடு வருபவர் எவராயினும் கதவு திறக்கும்; காகிதத்துக்கு நிறம் தெரியாது.

இந்த விடையில் இரண்டு எடுகோள்கள் மறைந்திருக்கின்றன. முன்னோர் யாவரும் ஏறத்தாழ ஒரே அளவில் ஆவணங்களில் பதிவானார்கள் என்பது முதலாவது. கிடைத்த சான்று யாருடையதாயினும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டது என்பது இரண்டாவது. இரண்டுமே வரலாற்றுக்கு முரணானவை. சான்று கேட்பது தவறு என்று எவரும் சொல்லவில்லை. சான்று கேட்பதனாலேயே வாயில் நடுநிலை ஆகிவிடுகிறது என்பதுதான் மறுக்கத்தக்கது.

முதலில் நடைமுறை. புதல்வியர் சங்கத்தில் சேர விழையும் பெண், 1775 ஏப்ரல் 19-க்கும் 1783 நவம்பர் 26-க்கும் இடையில் விடுதலைக்குத் துணைநின்ற முன்னோர் ஒருவரைச் சுட்டி, தம்மிலிருந்து அவர்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றையும், மகனோ மகளோ இன்னாருக்குப் பிறந்தார் என்னும் இணைப்பையும் ஆவணத்தால் காட்ட வேண்டும். ஏழெட்டுக் கண்ணிகள் கொண்ட இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். துணைநின்றதன் இலக்கணத்திலோ சங்கம் வியப்பூட்டும் அளவுக்குத் தாராளமானது: துப்பாக்கி ஏந்தியிருக்க வேண்டியதில்லை, படைக்குத் தானியமோ மாடோ கொடுத்திருந்தாலும், விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தாலும், போர்ச்செலவுக்கென விதிக்கப்பட்ட சில வரிகளைச் செலுத்தியிருந்தாலும் போதும். வரி கட்டியவன் சொத்துடையவன் என்பதும், சொத்துடையவன் பெயரே வரிப்பட்டியலில் நிலைத்தது என்பதும் இந்தத் தாராளத்தின் எல்லையைத் தாமே காட்டிவிடுகின்றன. தன் எசமானனின் பெயரால் படைக்கு உணவு சமைத்த, அரண் வெட்டிய, மூட்டை சுமந்த அடிமையின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் அவன் பெயரில் ஏறியதில்லை.

இனி, அந்தக் காகிதங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். நியூ இங்கிலாந்தின் ஊர்ச்சபைகள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, திருமணம், இறப்புகளைக் குறித்துவைத்தன. மாசசூசெட்ஸ் 1841-இல் மாநிலம் முழுவதற்கும் பதிவை முறைப்படுத்தியது. தெற்கிலோ தென் கரோலினா 1915-இலும் ஜார்ஜியா 1919-இலுந்தான் அந்நிலைக்கு வந்தன. மேஃப்ளவர் சங்கத்தின் வழியில் சேருவோருக்கு முதல் ஐந்து தலைமுறைகளை ஆய்ந்து அச்சிட்ட, வெள்ளிநிற அட்டை கொண்ட தொகுதிகள் உதவிக்கு வருகின்றன. ஐந்தாம் தலைமுறைக்குக் கீழே தம் குடும்பத்தை இணைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கரோலினாவின் மலையடிவாரத்தில் குத்தகை நிலத்தில் குடியிருந்த ஏழை வெள்ளையனின் பேத்திக்கு அப்படிப்பட்ட தொகுதி ஏதுமில்லை. நிலம் இருந்தவனுக்குக் கிரயப் பத்திரமும், பத்திரம் இருந்தவனுக்கு உயிலும், உயில் இருந்தவனுக்கு அதில் பெயர் சொல்லப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். பெண்களின் நிலை இன்னும் மெலிந்தது. மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கிவிடும் என்னும் ஆங்கிலேயச் சட்டக் கோட்பாட்டின் கீழ் அவள் பெயரில் ஒப்பந்தமும் இல்லை, வழக்கும் இல்லை. தந்தையின் உயிலில் வெறும் மேரி என்றோ சாரா என்றோ வந்துபோவாள், எந்தக் கணவன் வீட்டுக்குப் போனாள் என்பது எழுதப்பட்டிராது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதே படிநிலையின் அச்சுப்பிரதி. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது, மற்றவர் எண்ணிக்கைகளாயினர். 1850-இல் சுதந்திர மனிதர் அனைவருக்கும் பெயர் கிடைத்தது. அந்த ஆண்டிலும் 1860-இலும் அடிமைகளுக்கெனத் தனிப் படிவம் இருந்தது. அதில் பெயர் எழுதப்பட்டவன் உடைமையாளன். அவனுக்குக் கீழே வயது, பால், நிறம் என்ற மூன்று குறிப்புகளோடு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, பெயரற்ற மனிதர்கள் வரிசையாக நின்றனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு எண்ணப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870-இல்தான் நடந்தது. கறுப்பினக் குடும்பங்களின் கொடிவழியைத் தேடுவோர் அந்த ஆண்டையே முட்டி நிற்கும் சுவர் என்கின்றனர். 1865-க்கும் 1874-க்கும் இடையில் இயங்கிய விடுதலையானோர் வங்கியின் கணக்கேடுகள் சேமிப்பாளரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சில இடங்களில் பழைய எசமானன் ஆகிய பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டதால், சுவரில் ஆங்காங்கே துளைகள் உண்டு. துளை வழியே 1775 வரை பார்வை எட்டுவது அரிது.

இங்கே மரபான வாதத்தினர் ஒரு குறுக்குவழியை நாடுவர்: ஆவணம் அழிவது எல்லார்க்கும் பொதுவான விதி, வாஷிங்டனில் 1921-இல் பிடித்த தீயில் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அழிந்ததே, வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்டங்கள் பல பாதுகாப்புக்கென்று ரிச்மண்டுக்கு அனுப்பிய ஏடுகள் 1865 ஏப்ரலில் அந்நகரத்தோடு எரிந்தனவே, அதில் வெள்ளையரும் இழந்தனரே என்பர். உண்மைதான். ஆனால் எழுதி வைத்தது எரிந்துபோவதும், எழுதவே கூடாதென்று முடிவுசெய்ததும் ஒன்றல்ல. வர்ஜீனியா 1662-இல் இயற்றிய சட்டம், குழந்தையின் அடிமை நிலை தாயின் நிலையைப் பின்தொடரும் என்றது; அதுவரை ஆங்கிலேய வழக்கில் தந்தையைப் பின்தொடர்ந்த பிள்ளை, அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த ஒரே காரணத்தால் சட்டத்தின் கண்ணில் தந்தையற்றதாகியது. எசமானனுக்குப் பிறந்த பிள்ளை எசமானனின் உடைமையானது. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதால் திருமணப் பதிவும் இல்லை. தீ விபத்தை இந்தச் சட்டத்தோடு ஒரே தட்டில் வைப்பவர், எதிர்பாராமல் நேர்ந்ததையும் திட்டமிட்டு நடந்ததையும் வேறுபடுத்த மறுக்கிறார். சட்டம் அன்று அழித்த தந்தைப் பெயரை இன்று எழுத்தில் காட்டு என்று கேட்கும் சங்கம் அந்தச் சட்டத்தைத் தானே இயற்றவில்லை. அதன் பயனைமட்டும் தொடர்ந்து அமலாக்குகிறது.

ஓய்வூதியக் கோப்புகளைக் கொண்டு இதே உண்மையை வேறொரு பக்கத்திலிருந்து காணலாம். புரட்சிப் போரின் படைவீரர்க்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் நாடாளுமன்றம் 1818, 1832, 1836 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால் எழுந்த ஏறத்தாழ 80,000 கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கொடிவழிச் சான்றின் சுரங்கம் என்று இவற்றைச் சொல்வது மிகையன்று. விதவை தன் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், குடும்ப வேதாகமத்தில் பிறப்பும் திருமணமும் எழுதிய ஏட்டையே கிழித்து அனுப்பியவர் பலர். அந்த ஏடுகளே இன்று பேத்தியின் பேத்திக்குச் சான்றாகின்றன. வேதாகமம் வாங்கவும் அதில் எழுதவும் தெரிந்த வீடும், அரசு ஏற்ற திருமணமும் இருந்தவளுக்குத்தான் இந்தப் பேறு. புரட்சிப் படையில் சுமார் 5,000 கறுப்பினத்தவர் பணிபுரிந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. 1778-இல் ரோட் ஐலண்டின் முதல் படைப்பிரிவு விடுதலை வாக்களித்தே அடிமைகளைச் சேர்த்தது. இவர்களுள் ஓய்வூதியம் பெற்றோரும் உண்டு. எனினும் அடிமையாகவே இருந்துவிட்ட மனைவியும் மக்களும் அந்தக் கோப்பில் சட்டபூர்வமான உறவாக நுழைய வழியில்லை.

இரண்டாவது எடுகோளுக்கு வரும்போது மான்டிசெல்லோவைத் தவிர்க்க முடியாது. மூன்றாம் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனின் மாளிகையை ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அதே குன்றிலுள்ள குடும்ப இடுகாடு, அவருடைய மகள்கள் மார்த்தா, மரியா ஆகியோரின் வழியினர் 1913-இல் அமைத்த மான்டிசெல்லோ சங்கத்துக்கு உரியது. ஜெஃபர்சனின் உடைமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் என்னும் பெண்ணின் மக்களுக்கு ஜெஃபர்சனே தந்தை என்ற பேச்சு அவர் வாழ்நாளிலேயே அச்சேறியது. மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஓஹையோவின் செய்தித்தாள் ஒன்றில் தம் பிறப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். சாலி கருவுற்ற காலம் ஒவ்வொன்றிலும் ஜெஃபர்சன் மான்டிசெல்லோவில் இருந்தார் என்பதை, அவருடைய பயணக் குறிப்புகளைப் பிள்ளைகளின் பிறப்புத் தேதிகளோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் காட்டினர். அந்தப் பிறப்புகளைப் பண்ணைக் கணக்கேட்டில் எழுதியது ஜெஃபர்சனின் சொந்தக் கையே. தாய்க்குக் கீழே பிள்ளையின் பெயரும் ஆண்டும் உண்டு, தந்தைக்கு இடமில்லை. இவ்வளவு இருந்தும் நூறாண்டுக்கு மேலாக வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் மாடிசனின் சொல்லைத் தள்ளி, ஜெஃபர்சனின் பேரர்கள் தம் தாத்தாவின் சகோதரி மக்களான கார் சகோதரர்மீது பழி சுமத்திச் சொன்னதையே சான்றாக ஏற்றனர். ஒன்று கறுப்பினக் குடும்பத்தின் வாய்மொழி, மற்றது வெள்ளைக் குடும்பத்தின் வாய்மொழி. இரண்டுக்கும் தரப்பட்ட எடை வேறு. 1997-இல் அனெட் கார்டன்-ரீட் எழுதிய நூல் இந்த எடைக்கல்லைத்தான் புரட்டிக் காட்டியது.

1998 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் நிறமூர்த்தத்தை ஒப்பிட்டது. ஜெஃபர்சனுக்கு மனைவியின் வழியே வளர்ந்து நிலைத்த மகன் இல்லாததால் அவருடைய பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழியினரே ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டனர். சாலியின் இளைய மகன் ஈஸ்டனின் ஆண்வழித் தோன்றலோடு அது பொருந்தியது, கார் சகோதரரின் வழி பொருந்தவில்லை. இதையும் முந்தைய சான்றுகளையும் சேர்த்து ஆய்ந்த அறக்கட்டளை 2000 ஜனவரியில் சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தந்தையாக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்ற முடிவுக்கு வந்தது. இடுகாட்டுக்குரிய சங்கமோ 2002-இல் ஹெமிங்ஸ் வழியினரைச் சேர்ப்பதில்லை என்று வாக்களித்தது. அந்த நிறமூர்த்தம் ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபிடமிருந்தோ அவர் மக்களிடமிருந்தோ வந்திருக்கக்கூடாதா என்பது மறுப்போரின் தலையாய கேள்வி. கேள்வி முறையானதே. ஆனால் மரபணு கார் சகோதரரை விலக்கிய பிறகே ராண்டால்ஃப் இந்த அளவுக்கு முன்னே கொண்டுவரப்பட்டார் என்பதையும், மார்த்தாவின் வழியினர் எவரும் தம் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வேறொரு ஆண் தந்தையாக இருந்திருக்க முடியாது என்று மெய்ப்பிக்கும்படி கேட்கப்பட்டதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். திருமணப் பதிவு உள்ளவருக்குத் தந்தைமை ஊகத்தால் கிடைக்கிறது, பதிவு மறுக்கப்பட்டவரிடம் ஐயத்துக்கு அப்பாற்பட்ட உறுதி கேட்கப்படுகிறது. ஒரே குன்றில், ஒரே சான்றுகளைக் கொண்டு, இரண்டு நிறுவனங்கள் இரண்டு தீர்ப்புகள் எழுதின. சான்று தானே பேசும் என்பவர்கள் இதை விளக்கியாக வேண்டும்.

காகிதமே நிறம் பார்த்து எழுதப்பட்டதற்கு வர்ஜீனியாவைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 1924-இல் அம்மாநிலம் இயற்றிய இனத்தூய்மைச் சட்டம் மக்களை வெள்ளையர், வெள்ளையரல்லாதார் என்று பிரித்தது. பூர்வகுடித் தலைவனின் மகள் போகஹாண்டஸின் வழி வந்தோம் என்று பெருமை பேசும் பழைய குடும்பங்கள் இதனால் வெள்ளையர் தகுதியை இழந்துவிடக் கூடாதே என்று, பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ உள்ளவர் வெள்ளையரே என்ற விலக்கும் சேர்க்கப்பட்டது. அந்த நாட்களில் பிறப்பு இறப்புப் பதிவகத்தின் தலைமையில் இருந்த வால்டர் பிளெக்கர், பூர்வகுடி மக்கள் தம்மை இந்தியர் என்று பதிந்திருந்த சான்றிதழ்களை நிறத்தவர் என்று மாற்றினார், மாற்றும்படி உள்ளூர் அலுவலர்க்கு ஆணையிட்டார். ஆகவே பெருங்குடும்பத்தார்க்குப் போகஹாண்டஸ் பாட்டியாக நிலைத்தாள். அவள் இனத்தின் நேர்வழி மக்கள் ஏட்டில் இல்லாமலாயினர். பின்னாளில் நடுவண் அரசின் ஏற்பைக் கேட்டு அவர்கள் விண்ணப்பித்தபோது, இடையறாத ஆவணத் தொடர்ச்சி எங்கே என்பதே தடையாக வந்து நின்றது.

இவ்வளவு தடைகளையும் தாண்டிச் சான்று கையில் வந்தவர்க்கேனும் கதவு திறந்ததா? அறியப்பட்டவரை முதல் கறுப்பின உறுப்பினரைப் புதல்வியர் சங்கம் 1977-இல் சேர்த்தது. அது தோன்றி அப்போது 87 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில், 1939-இல், பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தன் அரங்கை மறுத்து, அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் விலகும் நிலையைத் தேடிக்கொண்ட சங்கமும் இதுவே. 1980-களின் தொடக்கத்தில் வாஷிங்டனைச் சேர்ந்த லீனா ஃபெர்குசன் என்ற கறுப்பினப் பெண், மேயின் பகுதியைச் சேர்ந்த புரட்சிக்கால முன்னோர் ஒருவர்வரை தம் வழியைக் காட்டினார். அதே முன்னோரைக் கொண்டு அவருடைய உறவினர் ஒருவர் ஆண்களின் சங்கத்தில் ஏற்கனவே சேர்ந்திருந்தார். காகிதத்தில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருந்தது: கிளையில் சேர வேண்டுமானால் உறுப்பினர் சிலர் முன்மொழிய வேண்டும் என்னும் விதியின்படி அவரை முன்மொழிய ஆளில்லை. கிளை எதிலும் சேராத உறுப்பினர் என்ற ஒதுக்குப்புறமே அவருக்குத் தரப்பட்டது. செய்தி நாளேடுகளில் வந்து, வழக்கு வரும் நிலை உருவான பிறகே, 1984-இல், இனத்தாலும் சமயத்தாலும் வேறுபாடு காட்டுவதில்லை என்ற விதி எழுதப்பட்டது. சான்று உள்ளவர் எவரும் வரலாம் என்பது உண்மையாயிருந்தால் அந்த விதிக்குத் தேவையே எழுந்திராது.

சங்கங்களின் சொந்த ஏடுகளும் இந்தப் பெருமிதத்துக்குத் துணைநிற்பதில்லை. தொடக்க காலத்தில் ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் பல, குடும்பத்தில் கேள்விப்பட்டதன்றி வேறு ஆதாரம் இல்லாதவை. பின்னாளில் அவற்றுள் பலவற்றைப் பிழையென்று கண்டு, இந்த முன்னோரைக் காட்டிப் புதிதாக வருவோர் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும் என்று சங்கமே குறிப்பெழுதி வைக்க நேர்ந்தது. அந்தத் தளர்வின் காலத்தில்தான் சுவீடனிலிருந்து வந்து நியூயார்க்கில் தங்கிய குஸ்டாவ் அன்ஜூ என்பவர், இல்லாத உயில்களையும் திருச்சபைப் பதிவுகளையும் புனைந்து செல்வர்களுக்குக் கொடிவழி விற்றுப் பிழைத்தார். அவர் சரக்கு இன்றும் நூலகங்களில் கிடந்து ஆய்வாளரை ஏமாற்றுகிறது. தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிகள் பெருகிய அதே ஆண்டுகளில் இச்சங்கங்கள் வரிசையாக முளைத்தன என்பதை நினைத்தால், யாருக்குத் தளர்வு, யாருக்குக் கண்டிப்பு என்பது தற்செயலாக அமைந்ததாகத் தோன்றாது.

இனி ஒரு மறுப்பு எதிர்பார்க்கத்தக்கது: அப்படியானால் தரத்தைத் தாழ்த்தி, அன்ஜூக்களுக்குக் கதவைத் திறந்துவிடலாமா? கூடாது. தொழில்முறைக் கொடிவழி ஆய்வாளர் இன்று பின்பற்றும் சான்றுத் தரம், ஒற்றை ஆவணத்தைக் கேட்பதில்லை. நியாயமான அளவுக்கு முழுமையான தேடலையும், முரண்படும் சான்றுகளுக்குத் தீர்வையும், எழுதிக் காட்டப்பட்ட தருக்கத்தையும் கேட்கிறது. அடிமை உடைமையாளனின் சொத்துப் பங்கீட்டுப் பட்டியல், வங்கிக் கணக்கேடு, 1870-இன் அக்கம்பக்க வீடுகள், குடும்ப வாய்மொழி ஆகியவற்றைக் கோத்து எட்டப்படும் முடிவு இந்தத் தரத்தில் முழுச் சான்றே. பதிவு எரிந்துபோன மாவட்டத்து வெள்ளைக் குடும்பத்துக்கு இத்தகைய மறைமுகச் சான்று நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வந்திருக்கிறது. தாழ்த்தும்படி எவரும் கேட்கவில்லை. அதே கோலால் அளக்கும்படியே கேட்கின்றனர். மரபணுவே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்போரும் அவசரப்படுகின்றனர். புதல்வியர் சங்கம் 2014 முதல் ஒய் நிறமூர்த்தச் சோதனையைத் துணைச்சான்றாக ஏற்கிறது என்பது நல்லதே. ஆனால் அது இடையறாத ஆண்வழிக்கு மட்டுமே பொருந்தும். பிற மரபணுவோ தலைமுறைதோறும் கலைந்து குறைவதால், பத்துத் தலைமுறைக்கு அப்பாலுள்ள மூதாதையர் பலரிடமிருந்து ஒரு துண்டுகூட இன்றைய உடலில் எஞ்சியிராது.

குறைந்துபோகும் இந்தப் பங்கை மரபணுவியல் பிறக்குமுன்பே கணக்கிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1784 ஜனவரியில் பாரிசுக்கு அருகிலிருந்து மகள் சாராவுக்கு எழுதிய மடலில், சின்சினாட்டி சங்கத்தின் பரம்பரை உரிமையைக் கேலிசெய்து, ஒன்பது தலைமுறை கடந்தால் முதல் வீரனின் பங்கு வழித்தோன்றலிடம் 512-இல் ஒன்றே எஞ்சும் என்று காட்டினார். சீனத்தில் போலப் பிள்ளையின் சிறப்பு பெற்றோரைச் சேருமானால் அதிலாவது பொருளுண்டு என்றார். அந்தச் சங்கத்தின் முதல் தலைவரான வாஷிங்டனே அதே ஆண்டில் பரம்பரை விதியை நீக்க முயன்றார், மாநிலக் கிளைகள் எல்லாம் இணங்காததால் அது நிலைத்துவிட்டது. பரம்பரைத் தகுதியை ஐயுற்றவர்கள் நாட்டைத் தோற்றுவித்த தலைமுறைக்குப் பகைவர் என்பதும் இதனால் பொய்க்கிறது.

இவை தனியார் சங்கங்கள், தம் விருப்பப்படி சேர்க்கட்டும் என்பது கடைசி அரண். புதல்வியர் சங்கம் 1896-இல் நாடாளுமன்றத்தின் பட்டயம் பெற்றது; நாட்டின் பெயரால் நினைவைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அமைப்பு, விமரிசனம் வரும்போது மட்டும் வீட்டுத் திண்ணைக்கூட்டம் ஆகிவிட முடியாது. மேலும் அந்தச் சங்கமே வேறு வழி உண்டென்று காட்டியிருக்கிறது. 1984-க்குப் பின் புரட்சியில் பங்குகொண்ட கறுப்பினத்தவர், பூர்வகுடியினர் ஆகியோரைத் தேடும் பொறுப்பைத் தானே ஏற்று, 2008-இல் 6,600-க்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட நூலை வெளியிட்டது. தேடும் சுமையை விண்ணப்பிப்பவர் தலையிலிருந்து இறக்கி, ஆவணமும் நூலகமும் பணமும் உள்ள நிறுவனத்தின் தோளில் வைத்த செயல் அது. முன்னோர் பட்டியலோடு நின்றுவிட்ட அந்தப் பணி, அங்கிருந்து கீழிறங்கும் தலைமுறைகளுக்கும் நீள வேண்டும். வர்ஜீனியாவின் பூர்வகுடிகள் வகையில் நாடாளுமன்றம் இதைவிட ஓரடி மேலே சென்றது. அரசின் பதிவகமே ஏடுகளைத் திரித்தது என்ற முறையீட்டைக் கேட்ட பிறகு, காகிதத் தொடர்ச்சி கேட்கும் நிர்வாக வழியை விட்டுவிட்டு, 2018 ஜனவரியில் ஆறு இனக்குழுக்களை நேரடியாகச் சட்டத்தால் ஏற்றது.